வன்னி வீட்டுக்கு 4ஜி ரவுட்டரும் புது லப்டொப்பும்: இரவு டேட்டாவை வைத்து ஒரு மதிப்பீடு

புது லப்டொப் வந்த முதல் கிழமையிலேயே மாத டேட்டா முடிந்துபோனது என்ற முறைப்பாடு கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் அடிக்கடி காதில் விழுகிறது. படம் பார்த்தே முடித்துவிட்டாய் என்று பிள்ளைக்குப் பேச்சு விழும். டேட்டாவைக் குடித்தது பெரும்பாலும் விண்டோஸ்தான். பல மாதம் பெட்டிக்குள் கிடந்த லப்டொப்பை இணையத்தில் விட்டதும், விடுபட்ட திருத்தங்கள், திரையையும் ஒலியையும் வைஃபையையும் இயக்கும் ட்ரைவர் மென்பொருள்கள், ஒப்பிஸ், ஸ்டோர் செயலிகள் எல்லாம் ஒன்றாக இறங்கத் தொடங்கும். எல்லாம் சேர்ந்து 10 ஜீபியைத் தாண்டுவது வழக்கம்.

அதனால்தான் இங்கே இணைப்பையும் அப்டேட்டையும் சேர்த்தே பார்க்கிறோம். வன்னியில் ஓர் இணைப்பை எடைபோட இரண்டு விடயம் போதும்: உங்கள் யன்னலோரம் அது காட்டும் சிக்னல் எண், பக்கேஜில் இருக்கும் இரவு டேட்டா. விளம்பரத் தாளில் போட்டிருக்கும் வேகத்தை நம்பிப் பக்கேஜ் எடுக்க வேண்டாம்.

பைபர் கம்பி உங்கள் ஒழுங்கையால் போகிறதென்றால் யோசிக்காமல் அதை எடுங்கள். அதற்கு மேல் மதிப்பீடு தேவையில்லை. பழைய செப்புக் கம்பித் தொலைபேசியில் வரும் ஏடிஎஸ்எல், எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு இன்னும் உதவும். 4, 5 கிலோமீற்றர் தாண்டினால் வேகம் பெரிதாக விழும். மாரியில் கம்பி மூட்டுகளில் ஈரம் ஏறினால் இணைப்பு விட்டுவிட்டு வரும். செய்மதி வழி இணையமான ஸ்டார்லிங்க் 2025 யூலையில் இலங்கைக்கு வந்தது. டவரே எட்டாத குடியேற்றங்களுக்கு அது உண்மையான விடை. ஆனால் அதன் அன்ரனாத் தட்டுக்கு மேலே திறந்த வானம் வேண்டும். பாலை, வீரை மரங்கள் மூடி நிற்கும் வளவுக்குள் அதை வைத்துப் பயனில்லை. 75 முதல் 100 வாட் வரை மின்சாரமும் எடுக்கும், சின்ன பற்றரியில் ஓட்ட முடியாது. மிச்சமுள்ள பெரும்பாலான வீடுகளுக்குக் கிடைப்பது 4ஜி ரவுட்டர். இந்த மதிப்பீடு அதைப் பற்றியது.

பெட்டியும் அதன் இடமும்

ஹுவாவே பி310, பி315 வகை ரவுட்டர்கள் இன்னும் பல வீடுகளில் ஓடுகின்றன. இவை 4ஜி வேகப் பிரிவில் வகுப்பு 4 சாதனங்கள். தாளில் செக்கனுக்கு 150 மெகாபிட் என்று இருக்கும், வைஃபை 2.4 கிகாஹேர்ட்ஸ் மட்டும். பி525 வகுப்பு 6. இரண்டு அலைவரிசையைச் சேர்த்து இழுக்கும், 5 கிகாஹேர்ட்ஸ் வைஃபையும் உண்டு. டவருக்கு ஒன்றிரண்டு கிலோமீற்றருக்குள் இருப்பவருக்கு இந்த வித்தியாசம் தெரியும். ஏ9 வீதியை விட்டு உள்ளே போய், காட்டுக்கு அப்பால் இருக்கும் ஊர்களில் பழைய பி315 ஐ நல்ல இடத்தில் வைத்தாலே, கூடாத இடத்தில் வைத்த புது ரவுட்டரை விட நன்றாக வேலை செய்யும். இதை முழு நிச்சயத்தோடு சொல்கிறோம். பாவித்த ரவுட்டர் வாங்குகிறவர் ஒன்றை மட்டும் கடையிலேயே பார்க்க வேண்டும்: அது ஒரு நிறுவனத்தின் சிம்முக்குப் பூட்டப்பட்டதா என்று. உங்கள் சிம்மைப் போட்டு ஒரு பக்கம் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

பெட்டியின் முகத்தில் எரியும் நாலைந்து கோடுகளை நம்ப வேண்டாம். போனில் அல்லது லப்டொப்பில் உலாவியைத் திறந்து 192.168.8.1 என்று அடியுங்கள். சில ரவுட்டருக்கு 192.168.1.1 அல்லது 192.168.0.1, அடியில் ஒட்டிய தாளில் சரியான முகவரியும் கடவுச்சொல்லும் இருக்கும். உள்ளே சாதனத் தகவல் பக்கத்தில் இரண்டு எண்களைத் தேடுங்கள்.

முதலாவது ஆர்எஸ்ஆர்பி. டவரின் குரல் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதை அது சொல்லும். மறை எண்ணாக இருக்கும். -90 ஐ விடப் பூச்சியத்துக்குக் கிட்ட, அதாவது -85, -80 என்று இருந்தால், நல்லது. -100 வரை சமாளிக்கலாம். -110 ஐத் தாண்டினால் இடம் மாற்றியே ஆக வேண்டும். இரண்டாவது எஸ்ஐஎன்ஆர். இதுதான் முக்கியம். இரைச்சலுக்கு நடுவே அந்தக் குரல் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பது இந்த எண். 20 க்கு மேல் மிக நல்லது, 13 க்கு மேல் நல்லது. பூச்சியத்துக்குக் கீழே போனால், கோடு முழுவதும் எரிந்தாலும் பக்கம் திறக்காது. சந்தையில் ஒருவர் உரத்துக் கத்துகிறார், ஆனால் பக்கத்தில் பத்துப் பேரும் கத்துகிறார்கள் என்றால் சொல்வது விளங்காது. அதேதான்.

அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டே ரவுட்டரை வீட்டைச் சுற்றிக் கொண்டு போங்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிமிடம் வையுங்கள். எண் அடங்க அவ்வளவு நேரம் எடுக்கும். பிறகு அதே இடத்தில் கால் வட்டம் திருப்பி மறுபடி பாருங்கள். திருப்பினதிலேயே எஸ்ஐஎன்ஆர் 5 இலிருந்து 12 க்குப் போவதுண்டு. தகரக் கூரைக்கு நேர் கீழே, இரும்பு அலுமாரிக்குப் பக்கத்தில், கொங்கிரீற் தூணுக்குப் பின்னால் வைக்காதீர்கள். டவர்ப் பக்க யன்னல், நெஞ்சு உயரம்: அங்கிருந்து தொடங்கலாம். மாரியில் இலை நனைந்த மரங்கள் சிக்னலைக் குடிக்கும். வெயிலில் -95 இருந்த இடம் மழையில் இன்னும் கீழே போனால் ரவுட்டரில் பழுது இல்லை.

வேகத்தை ஒரு தடவை மட்டும் பார்த்து முடிவெடுக்கக்கூடாது. விடிய 6 மணி, பின்னேரம் 4 மணி, இரவு எட்டரை, நள்ளிரவு 12.30 என்று நாலு தடவை பாருங்கள். ஊர் முழுக்கப் போனோடு இருக்கும் இரவு எட்டரை எண்தான் பிள்ளையின் இணைய வகுப்புக்கு. நள்ளிரவு எண் அப்டேட்டுக்கு. பக்கேஜ் எடுக்க முன்னமே இதைச் செய்யலாம்: எந்த நிறுவனத்தின் ரவுட்டரை யோசிக்கிறீர்களோ, அதே நிறுவனத்தின் சிம் உள்ள போனை அந்த யன்னலில் வைத்துப் பாருங்கள். சரியான எண் வராவிட்டாலும் எந்த நிறுவனம் உங்கள் வளவுக்கு எட்டுகிறது என்பது தெரிந்துவிடும்.

வெளி அன்ரனா

பி315 போன்றவற்றின் பின்னால் அன்ரனாவுக்கு இரண்டு துளை உண்டு. இரண்டுக்கும் கம்பி போக வேண்டும். ஒரே அன்ரனாவை ஒரு துளையில் மட்டும் பூட்டினால் பாதிப் பயன்தான். ஆனால் அன்ரனா வாங்குகிறவர்கள் ஏமாறும் இடம் கம்பி. மெல்லிய ஆர்ஜீ58 கம்பி இந்த அலைவரிசைகளில் மீற்றருக்குச் சுமார் ஒரு டெசிபெல் இழக்கும். 10 மீற்றர் கம்பி என்றால் 10 டெசிபெல். வந்த சக்தியில் பத்தில் ஒரு பங்குதான் ரவுட்டரை அடையும். அன்ரனா கொடுத்த கூடுதலை எல்லாம் கம்பி தின்றுவிடும். பனை உயரத்துக்குக் குழாய் நட்டு அன்ரனா ஏற்றியும் ஒன்றும் கூடவில்லை என்று சொல்லும் வீடுகளில் நடப்பது இதுதான்.

நல்ல வழி: ரவுட்டரையே அன்ரனாவுக்கு இரண்டு மீற்றர் கிட்ட, மழை படாத கூரைக்கீழ்ப் பெட்டியில் வைத்து, அங்கிருந்து கட் 6 நெட்வேர்க் கம்பியை அறைக்கு இறக்குங்கள். அந்தக் கம்பி 100 மீற்றர் வரை இழப்பில்லாமல் போகும். சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி இறங்கும் பின்னேரங்களில் அடப்டரையும் அன்ரனாக் கம்பியையும் நெட்வேர்க் கம்பியையும் கழற்றி வையுங்கள். சுவிச்சை மட்டும் நிறுத்துவது போதாது.

கரண்ட்

ரவுட்டர் பெரும்பாலும் 12 வோல்ட், 1 முதல் 2 அம்பியர். ஓடும்போது 6 முதல் 8 வாட் எடுக்கும். கரண்ட் போனால் அதை ஓட்ட மினி யூபிஎஸ் என்ற சின்ன பற்றரிப் பெட்டி கட்டாயம் என்பது எங்கள் கருத்து. ஆடம்பரச் செலவாக நினைக்க வேண்டாம். பெட்டியில் 8800 மில்லி அம்பியர் மணி என்று போட்டிருந்தால் அது 3.7 வோல்ட்டில் கணக்கிட்டது; பெருக்கினால் 32 வாட் மணிக்குக் கொஞ்சம் கூட. மாற்றும்போது போகிற இழப்பையும் கழித்தால் மூன்று மணித்தியாலத்தை எதிர்பார்க்கலாம். 9 வோல்ட் வெளியீட்டில் குத்திவிட்டு ரவுட்டர் அடிக்கடி நின்று எழும்புகிறது என்று தேடாதீர்கள். 12 என்று எழுதிய துளையைப் பாருங்கள். கரண்ட் நீண்ட நேரம் நின்றால் டவரின் பற்றரியும் இறங்கிவிடும். அப்போது உங்கள் ரவுட்டர் எரிந்துகொண்டிருந்தும் சிக்னல் இராது.

இரவு டேட்டா

பல பக்கேஜ்களில் டேட்டா இரண்டாகப் பிரிந்து வரும்: எந்நேரமும் பாவிப்பது, இரவில் மட்டும் பாவிப்பது. இரவுப் பங்கு பெரும்பாலும் நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்கும். விடிய எத்தனை மணிக்கு முடிகிறது என்பது பக்கேஜுக்குப் பக்கேஜ் மாறும், அதைக் கேட்டு ஒரு தாளில் எழுதி ரவுட்டரில் ஒட்டுங்கள். மாத முடிவில் அந்த இரவுப் பங்கு தொடப்படாமலே கிடப்பதைப் பல கணக்குகளில் காணலாம். பகல் டேட்டா முடிந்து ரீலோட் போடும் அதே வீட்டில்.

கணக்கு எளிது. 8 மெகாபிட் ஒரு எம்பி. உங்கள் நள்ளிரவு வேகம் செக்கனுக்கு 4 மெகாபிட் என்றால், 10 ஜீபி இறங்க ஐந்தரை மணித்தியாலம். 12 மணிக்குத் தொடங்கினால் விடிய ஐந்தரைக்கு முடியும். 2 மெகாபிட் என்றால் இரண்டு இரவு. விடியப்புறம் 4 மணிக்கு எழும்புகிற வீடென்றால், 4 இலிருந்து 7 வரை 4 மெகாபிட்டில் 5 ஜீபிக்கு மேல் இறக்கலாம். யாரும் கண்விழிக்கத் தேவையில்லை.

விண்டோஸை அதற்குப் பழக்குவது

விண்டோஸ் 11 இல், இந்த மணியிலிருந்து இந்த மணிக்குள் மட்டும் இறக்கு என்று சொல்ல செட்டிங்ஸில் ஓர் இடம் இல்லை. மாத டேட்டாவை அளந்து வாங்கும் வீடுகளுக்கு அது பெரிய குறை. ஆனால் இருக்கும் பொத்தான்களை வைத்தே அதைச் சமாளிக்க முடியும்.

செட்டிங்ஸ், நெட்வேர்க் அண்ட் இன்ரநெற், வைஃபை என்று போய், நீங்கள் தொடுத்திருக்கும் வைஃபையின் ப்ரொப்பர்ட்டீஸைத் திறந்தால் மீட்டேர்ட் கனெக்ஷன் என்று ஒரு பொத்தான் இருக்கும். அதைப் போட்டு வையுங்கள். டேட்டா அளவோடு கிடைக்கிறது என்று விண்டோஸுக்குச் சொல்வது அது. பெரும்பாலான அப்டேட்டுகள் தாமாக இறங்குவது நின்றுவிடும். முக்கியமான சில மட்டும் வரும், அவை வரத்தான் வேண்டும். பலர் தவறவிடும் விடயம்: இந்தப் பொத்தான் ஒவ்வொரு வைஃபைக்கும் தனித்தனி. ரவுட்டருக்குப் போட்டுவிட்டு, அடுத்த நாள் போன் ஹொட்ஸ்பொட்டில் தொடுத்தால் அங்கேயும் பார்க்க வேண்டும். போனை யூஎஸ்பி கம்பியால் தொடுத்தால் அது ஈதர்நெட் என்ற பெயரில் வரும். அங்கே இன்னொரு தடவை.

இரவு வேலைக்கு: லப்டொப்பைச் சார்ஜரில் போட்டு மூடியைத் திறந்தபடி வையுங்கள், மூடினால் தூங்கிவிடும். பவர் அண்ட் பற்றரியில், கரண்டில் இருக்கும்போது ஸ்லீப் என்பதை நெவர் ஆக்குங்கள். 12 மணி தாண்டியதும் மீட்டேர்ட் பொத்தானை எடுத்துவிட்டு, விண்டோஸ் அப்டேட்டில் செக் போர் அப்டேட்ஸ் அழுத்துங்கள். ஸ்டோரைத் திறந்து லைப்ரரியில் எல்லாவற்றையும் அப்டேட் கொடுங்கள். ஒப்பிஸுக்கு வேர்ட்டுக்குள் பைல், அக்கவுண்ட், அப்டேட் ஒப்ஷன்ஸ். பாதியில் இணைப்பு அறுந்தால் பயமில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரும். விடிந்ததும் மீட்டேர்ட்டை மறுபடி போடுங்கள். இதை மறந்தால் முழு வேலையும் வீண்.

மாதாந்தத் திருத்தம் அமெரிக்க நேரப்படி ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய் வெளியாகும். இங்கே அன்றிரவு 10.30, அவர்களின் குளிர்காலத்தில் 11.30. அன்றே ஓட வேண்டாம். அடுத்த சனி இரவு இறக்குங்கள். அந்த நாலு நாளுக்குள் பிழையான அப்டேட் என்றால் செய்தி வந்துவிடும். ஆனால் மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதும் ஆபத்து. போஸ் அப்டேட்ஸ் கொடுத்து ஐந்து கிழமை வரை நிறுத்தலாம் என்பதற்காக ஐந்து கிழமையும் நிறுத்தத் தேவையில்லை.

அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸில் அக்டிவ் ஹவர்ஸ் உண்டு. அது இறக்குவதைத் தடுக்காது, அந்த நேரத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகாமல் பார்க்கும். ஆகக்கூடியது 18 மணித்தியாலம். விடிய 5 முதல் இரவு 11 என்று வையுங்கள். டெலிவரி ஒப்டிமைசேஷனில், மற்றக் கணினிகளிலிருந்து இறக்குவது வீட்டு நெட்வேர்க்குக்குள் மட்டும் என்று இருக்கட்டும். வீட்டில் இரண்டு கணினி என்றால் ஒன்று இறக்கியதை மற்றது எடுத்துக்கொள்ளும். இணையத்துக்கும் சேர்த்துத் திறந்துவிட்டால், உங்கள் டேட்டாவில் வேறு யாருக்கோ அனுப்பிக்கொண்டிருக்கும்.

இறக்குவது வேறு, நிறுவுவது வேறு. நிறுவும்போது கரண்ட் போனால் லப்டொப்புக்குப் பற்றரி இருக்கிறது. டெஸ்க்டொப்புக்கு 650 வீஏ யூபிஎஸ் சில நிமிடம்தான் தாங்கும், அப்டேட் அதைவிட நீளலாம். அதனால் டெஸ்க்டொப்பில் இரவில் இறக்கி, காலையில் கரண்ட் நிலையாக இருக்கும்போது ரீஸ்டார்ட் கொடுங்கள். இடையில் நின்றாலும் விண்டோஸ் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அப்டேட் ஓடும் திரையில் வட்டம் சுற்றும்போது பொறுமையிழந்து பொத்தானை அழுத்திப் பிடிக்காதீர்கள். கணினியை எழுப்பும், மதர்போர்டுக்குள் இருக்கும் மென்பொருளான பயோஸின் அப்டேட்டுக்கு மட்டும் இந்த மன்னிப்பு இல்லை. அது பாதியில் நின்றால் மதர்போர்டே போய்விடக்கூடும். பற்றரி நிறைந்து சார்ஜரும் குத்தியிருந்தால் மட்டும் செய்யுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கணினிக்கு, காரணமில்லாமல் அதைச் செய்யத் தேவையில்லை. 80070070 என்று முடியும் பிழை எண் வந்தால் டிஸ்கில் இடம் இல்லை என்று பொருள். இணைப்பைக் குறைசொல்ல வேண்டாம். 20 ஜீபி இடம் ஒழித்துவிட்டு மறுபடி கொடுங்கள்.

கடையில் செய்து தரச் சொல்லும்போது

கடையில் வேகமான இணைப்பு இருந்தால் முதல் அப்டேட் முழுவதையும் அங்கேயே முடித்துத் தரச் சொல்வது நியாயமான கோரிக்கை; பணம் கொடுத்து வாங்குகிறீர்கள். ஆனால் ஒரு நிபந்தனை: கணினியில் முதலில் நுழைவது உங்கள் மைக்ரோசொப்ட் கணக்காக இருக்க வேண்டும். விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக அமைக்கும் பெரும்பாலான கணினிகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது. அந்தப் பூட்டின் 48 இலக்கச் சாவி முதலில் நுழைந்த மைக்ரோசொப்ட் கணக்கில் போய் இருக்கும். கடைக்காரர் தன் மின்னஞ்சலால் அமைத்துத் தந்தால் சாவி அவரிடம். ஆறு மாதம் கழித்து ஒரு பயோஸ் அப்டேட்டுக்குப் பிறகு திரை அந்தச் சாவியைக் கேட்கலாம்; கொடுக்க முடியாவிட்டால் உள்ளே இருக்கும் படமும் பாடக் குறிப்பும் திரும்பாது. உங்கள் கணக்கில் நுழைந்து, சாதனங்கள் பகுதியில் அந்த இலக்கங்களைப் பார்த்து, கொப்பியில் எழுதி அலுமாரிக்குள் வையுங்கள். கணக்கின் கடவுச்சொல்லும், அதற்குக் கொடுத்த தொலைபேசி எண்ணும் உங்களுடையவையாக இருக்கட்டும்.

பாவித்த டெஸ்க்டொப் வாங்கினவருக்கு

வெளிநாட்டு அலுவலகங்களிலிருந்து கழிந்து வந்த டெஸ்க்டொப்கள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றில் பல இன்ரெல் 6 ஆம், 7 ஆம் தலைமுறை. விண்டோஸ் 11 முறைப்படி கேட்பது 8 ஆம் தலைமுறை, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, 4 ஜீபி ரம், 64 ஜீபி டிஸ்க். விண்டோஸ் 10 க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்ரோபர் 14 உடன் நின்றுவிட்டன. வீட்டுப் பாவனையாளருக்கு நீடித்த திருத்தங்கள் 2026 ஒக்ரோபர் 13 வரை உண்டு: விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் என்ரோல் நவ் என்பதை அழுத்தி, செட்டிங்ஸை மைக்ரோசொப்ட் கணக்கில் சேமிக்கச் சம்மதித்தால் பணமில்லை. பாடத்துக்கும் உலாவிக்கும் மட்டும் என்றால், விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு 24.04 என்ற இலவச இயங்குதளத்தைப் போடுங்கள், அது 2029 வரை திருத்தம் பெறும்.

கள்ளத் திறப்புப் போட்ட விண்டோஸில் அப்டேட் சேவையையே நிறுத்தி வைத்திருக்கக்கூடும். வாங்க முன் அப்டேட் பக்கத்தைத் திறந்து, கடைசியாக எப்போது சோதித்தது என்ற திகதியைப் பாருங்கள்.

கரண்ட் நின்று வந்த பிறகு எந்தப் பக்கமும் திறக்கவில்லை, அப்டேட்டும் பிழை காட்டுகிறது, ஆனால் போனில் இணையம் ஓடுகிறது என்றால், ரவுட்டரைத் தொடாமல் திரையின் வலது கீழ் மூலையைப் பாருங்கள். திகதி பல வருடம் பின்னால் போயிருந்தால் போர்டில் இருக்கும் சிஆர்2032 நாணய பற்றரி இறந்துவிட்டது. திகதி பிழையென்றால் பாதுகாப்பான பக்கங்களைக் கணினி நம்பாது. ப்ளக்கைக் கழற்றி, மூடியைத் திறந்து, பக்கத்துக் கிளிப்பை நகத்தால் தள்ளினால் பற்றரி எழும்பும். எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கும்படி புதியதைப் போடுங்கள். பிறகு நேர வலயத்தை ஸ்ரீ ஜயவர்தனபுர, +05:30 என்று வைத்து, திகதியையும் நேரத்தையும் கையால் சரியாக்கி, சிங்க் நவ் அழுத்தினால் பக்கங்கள் திறக்கும்.